நிரந்தர முகவரியில் ஒரு கொட்டாய்

கல்லூரி விடுதியில் இடம் கேட்டு நான் நிரப்பிய படிவத்தில் முகவரிக்கென்று இரண்டு பகுதிகள் இருந்தன; ஒன்று தற்காலிக முகவரி, மற்றொன்று நிரந்தர முகவரி. முதலாவதில், சென்னையில் அப்போது நான் தங்கியிருந்த உறவினர் வீட்டின் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் எழுதினேன். இரண்டாவதில், எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் அதனோடு ஒட்டி நிற்கும் ‘கொட்டாய்’ என்ற சொல்லையும் எழுதி, பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம் என்று முடித்தேன். படிவத்தை வாங்கிப் பார்த்த எழுத்தர் கேலி செய்யவில்லை. உண்மையான ஐயத்தோடுதான் கேட்டார். “கொட்டாய்னா கொட்டகைதானே தம்பி? அது எப்படி நிரந்தர முகவரி ஆகும்?”

“அது ஊர் பேரு சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பிறந்து வளர்ந்த இடத்தின் பெயரில் ஒரு நாளும் நான் கேட்டிராத பொருளை வெளியூர்க்காரர் ஒருவர் ஒரே பார்வையில் கேட்டுவிட்டார். சில மாதம் நிற்பதற்காகப் போடப்படும் ஒன்றின் பெயர், நான்கு தலைமுறையாக மக்கள் பிறந்து இறந்துகொண்டிருக்கும் இடத்தின் பெயராக எப்படி ஆனது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்குக் காலம் கடந்து நான் சொல்லும் பதில்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பேருந்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பெரிய ஊர் ஒன்றைத் தாண்டியதும் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக, அரை கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கொட்டாய்கள் வரும். முன்னோர் ஒருவரின் பெயரோடு சேர்ந்தவை, சாதிப் பட்டத்தோடு சேர்ந்தவை, அருகிலுள்ள ஏரியின் பெயரோடோ மரத்தின் பெயரோடோ சேர்ந்தவை எனப் பல வகை. சிலவற்றில் நான்கு வீடுகள் இருக்கும். சிலவற்றில் நூறு வீடுகளும் தொடக்கப்பள்ளியும் நியாயவிலைக் கடையும் இருக்கும். நூறு வீடுகளில் ஒன்றுகூடக் கூரை வீடாக இல்லாத ஊருக்கும் கொட்டாய் என்றுதான் பெயர்.

தமிழகத்தின் மற்றப் பகுதிகளில் கொட்டாய் என்றதும் நினைவுக்கு வருவது சினிமா கொட்டாய்தான். கீற்றுக் கூரையும் மணல் தரையுமாக ஊர் விட்டு ஊர் சென்ற டூரிங் கொட்டாய்களிலிருந்து வந்த வழக்கு அது. குளிரூட்டப்பட்ட அரங்கத்தையும் ‘கொட்டாய்’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லின் ஆட்சி இன்னும் விரிந்தது. மாடு கட்டும் இடம் மாட்டுக் கொட்டாய். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் இடம் ஆலைக் கொட்டாய். மாம்பழப் பருவத்தில் தோப்புக்குள் காவலுக்குப் போட்டுக்கொள்வது காவல் கொட்டாய். இவை அனைத்துக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: தேவை வந்தபோது போட்டார்கள், தேவை தீர்ந்ததும் பிரித்துவிடுவார்கள்.

‘போடுதல்’, ‘பிரித்தல்’ என்ற இந்த இரண்டு வினைகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வீட்டை யாரும் ‘போடுவது’ இல்லை. வீட்டைக் கட்டுகிறோம், வேண்டாமென்றால் இடிக்கிறோம். கொட்டாயைக் கட்டுவது இல்லை. போடுகிறோம், வேண்டாமென்றால் பிரிக்கிறோம். பந்தலைப் போடுகிறோம், பாயைப் போடுகிறோம், சந்தையில் கடையைப் போடுகிறோம். எடுத்துவிடப் போகிறோம் என்பது தெரிந்தே செய்யும் செயலுக்குத் தமிழில் ‘போடு’ என்பது பொருத்தமான வினையாக இருக்கிறது. அதைப் போலவே ‘பிரி’ என்ற வினையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இடித்த வீட்டில் மிஞ்சுவது மண்ணும் சல்லியும். பிரித்த கொட்டாயில் கவைக்கால், முகட்டுவளை, கைமரம், வரிச்சு எல்லாம் தனித்தனியே மிஞ்சும். அவற்றைக் கொண்டுபோய் வேறோரிடத்தில் மறுபடியும் போடலாம். எங்கள் தாத்தா தம் காலத்தில் மூன்று முறை இடம் மாற்றிப் போட்ட கொட்டாய்க்கு முகட்டுவளை மட்டும் ஒன்றேதான் என்று அப்பா சொல்வார். ஆகவே கொட்டாய் தற்காலிகமானது என்றால், அது அழிந்துபோகும் என்பதல்ல பொருள். அது இடத்தோடு ஒட்டிக்கொள்ளவில்லை என்பதுதான்.

வீட்டுக்கு நாள் பார்ப்பார்கள், வாசற்கால் வைக்கும்போது பூசை செய்வார்கள், பால் காய்ச்சுவார்கள். கொட்டாய்க்கு இவை எதுவும் இல்லை. காலையில் நான்கு பேர் சேர்ந்தால் மாலையில் நிழல் விழும். மேலே வேய்வதற்கு மலையிலிருந்து கொண்டுவந்த மஞ்சம்புல்லோ, கரும்பு வெட்டிய தோட்டத்தில் கிடைத்த தோகையோ போதும். கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் பாறையிலிருந்து பிளந்தெடுத்த கல் தூண்களே கொட்டாய்க்குக் கால்களாக நிற்கும். நூறு ஆண்டு நிற்கக்கூடிய கல்லின் மேல் இரண்டு ஆண்டுகூடத் தாங்காத புல்லை வேய்ந்திருக்கும் அந்தக் காட்சியை வேறு பகுதிகளில் நான் அதிகம் கண்டதில்லை.

இனி, கொட்டாய் ஊரான கதை. எங்கள் குடும்பத்தில் வழங்கும் கதையைத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தப் பகுதியில் பெரும்பாலான கொட்டாய்களுக்கு இதே கதைதான் என்பதைப் பலரிடம் கேட்டு அறிந்திருக்கிறேன். பழைய ஊர் என்பது நத்தத்தில் நெருக்கமாக அமைந்த வீடுகளும், நடுவே மாரியம்மன் கோயிலும், ஒரு சாவடியும் கொண்டது. நிலம் ஊருக்கு வெளியே இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். மானாவாரியாகச் சாமையும் ராகியும் விதைத்த காலத்தில் அந்தத் தொலைவு பெரிய தடையாக இல்லை. கிணறு வெட்டியபோதுதான் நிலைமை மாறியது. கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்ட வேண்டுமானால் விடியும் முன்பே மாடுகள் கிணற்றங்கரையில் நிற்க வேண்டும். நாள்தோறும் மாட்டை ஊரிலிருந்து ஓட்டிவந்து திரும்ப ஓட்டிப்போவதைவிட, அங்கேயே கட்டுவது எளிது. ஆகவே முதலில் வந்தது மாட்டுக்கான கொட்டாய். மாட்டைத் தனியே விட முடியாது என்பதால் கொள்ளுத்தாத்தா இரவில் அங்கே கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்தார். அவருக்குச் சோறு கொண்டுவந்த கொள்ளுப்பாட்டி, நடப்பதற்கு அலுத்து, ஒரு நாள் அங்கேயே மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினார். கதிர் முற்றும் பருவத்தில் குடும்பம் முழுவதும் வந்து தங்கியது. அறுவடைக்குப் பின் திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டு போகவில்லை. எந்த நாளில் அது குடியிருப்பாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அப்படி ஒரு முடிவை யாரும் எடுக்கவே இல்லை.

மூன்று தலைமுறை கடந்த பின்பும் எங்கள் ஆயா, பழைய ஊருக்குக் கிளம்பும்போது “ஊருக்குப் போயிட்டு வர்றேன்” என்றுதான் சொல்வார். வாழ்க்கை முழுவதும் கொட்டாயில் கழிந்தது. ஆனால் ‘ஊர்’ என்ற சொல் திருவிழா நடக்கும் அந்த நத்தத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தாம் தற்காலிகமாகத்தான் இங்கே இருக்கிறோம் என்ற உணர்வு, இருந்த காலத்தின் நீளத்தால் சிறிதும் குறையவில்லை என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டியது. சொல்லின் பழைய பொருளைக் காத்து வைத்திருந்தவர் அவர்தான். நாங்கள் அதை வெறும் பெயராக மாற்றிவிட்டோம்.

சொல்லின் வடிவத்துக்கு வருவோம். கொட்டாய் என்பது கொட்டகை என்பதன் பேச்சு வடிவம். சொல்லின் நடுவில் வரும் ககரம் பேச்சில் நலிந்து மறைவதும், அதன் இரு பக்கத்து உயிர்களும் சேர்ந்து நெடிலாவதும் தமிழில் பழகிய மாற்றம். அகப்பை ஆப்பை ஆனது, அகத்துக்காரர் ஆத்துக்காரர் ஆனார், புகையிலை போயிலை ஆனது. அதே வழியில் கொட்டகை கொட்டாய் ஆயிற்று. எனவே இதைக் கொச்சை என்று ஒதுக்கி, அரசு ஆவணங்களில் ‘கொட்டகை’ என்று திருத்தி எழுத வேண்டும் என்று சிலர் கருதுவதை நான் ஏற்கவில்லை. ஊர்ப் பெயராகிவிட்ட சொல்லுக்கு அதன் பேச்சு வடிவமே இலக்கண வடிவம். தவிர, தெலுங்கில் கூரை வேய்ந்த கொட்டகைக்குக் கொட்டாயி என்ற வடிவம் அகராதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேசப்படும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த வடிவம் உறுதிப்பட்டு நின்றதில் வியப்பில்லை.

கொட்டகையோடு பிறந்த மற்றொரு சொல் கொட்டில். அதைப் பற்றி எண்ணும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது தருமபுரியோடு நேரடித் தொடர்புடைய ஒரு பழம்பாடல். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு சொல்கிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க அகன்ற மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து, ‘கொல்துறைக் குற்றில’ ஆகக் கிடக்கின்றன. கொல்லனின் பட்டறையாகிய சிறிய இல்லில் கிடக்கின்றன என்பது பொருள். இந்தக் குற்றிலைக் கொட்டில் என்ற சொல்லைக் கொண்டே உரையில் விளக்குவார்கள். பெரிய மாளிகையில் இருப்பவை பயன்படாதவை, சிறிய கொட்டிலில் இருப்பவை பயன்பட்டவை என்பதுதான் பாட்டின் உட்பொருள். கொட்டில் பொருள்கள் தங்குமிடம் அல்ல, வேலை நடக்குமிடம். வேல் அங்கே வந்தது செப்பம் செய்யப்பட்டு மீண்டும் களத்துக்குப் போவதற்காக. எங்கள் மாவட்டத்து அரசனைப் பற்றிய பாட்டில், எங்கள் மாவட்டத்துக்கே உரிய சொல்லின் உறவு இப்படி மதிப்போடு வந்து நிற்பது எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி தருவது.

இனமொழிகளில் இந்தச் சொல்லின் உறவுகளைப் பார்த்தால், பெரும்பாலும் அது மாட்டோடு சேர்ந்தே இருக்கிறது. கன்னடத்தில் கொட்டிகெ என்றால் மாட்டுத் தொழுவம். தெலுங்கில் கொட்டமு மாடோ குதிரையோ கட்டும் இடம். துளுவில் கொட்டிய என்பதும் தொழுவமே. ஆனால் அம்மொழியில் கொட்ட என்ற வடிவம் கொரகர் என்ற பழங்குடி மக்களின் குடிசையைக் குறிக்கிறது. மலையாளத்தில் கொட்டில் தொழுவமாகவும் பட்டறையாகவும் வீடாகவும் பொருள் தருகிறது. கொட்டக என்பது அங்கேயும் திரையரங்கத்தைக் குறிக்கிறது. பரோ, எமனோ என்ற இரு மொழியறிஞர்கள் தொகுத்து 1961இல் முதற்பதிப்பாக வந்து, 1984இல் திருத்தப்பட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவை அனைத்தையும் ஒரே குடும்பமாகச் சேர்த்திருக்கிறது.

வடமொழியில் கோஷ்ட என்ற சொல் இருக்கிறது. ‘கோ’ என்றால் மாடு, ‘ஸ்த’ என்றால் நிற்பது, இரண்டும் சேர்ந்தால் மாடு நிற்குமிடம். இதிலிருந்துதான் நம் சொற்கள் வந்தன என்று கருதுவோர் உண்டு. அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே கோஷ்டி. மாடு கூடும் இடத்தின் பெயர் மனிதர் கூடும் கூட்டத்தின் பெயராயிற்று. என்னைக் கேட்டால், கடற்கரையில் துளு வரை, மலைமேல் குடகு வரை இத்தனை வடிவங்களில் பரவி, கொட்டில், கொட்டகை, கொட்டம் என்று வெவ்வேறு ஈறுகளோடு தழைத்திருக்கும் ஒரு சொல்லை, ஒரே வடசொல்லின் சிதைவு என்று சொல்வது எனக்கு நிறைவளிக்கவில்லை. மாடு வளர்த்த இரு மொழிக்குடும்பத்து மக்கள் அருகருகே வாழ்ந்தபோது, ஓசையால் நெருங்கிய இரு சொற்கள் பொருளாலும் நெருங்கியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

எந்த வழியில் வந்தாலும் ஒன்று தெளிவு. மற்ற இடங்களில் பெரும்பாலும் மாட்டோடு நின்றுவிட்ட சொல், எங்கள் பகுதியில் மனிதரைத் தொடர்ந்து வந்து ஊராகிவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் கதையில் முதலில் மாடு வந்தது, பிறகு மனிதர் வந்தார் என்று சொன்னேன் அல்லவா? சொல்லின் வரலாறும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

இப்படித் தங்கல் ஊரானது கொட்டாயில் மட்டும் நடந்ததல்ல. எங்கள் மாவட்டங்களில் பாப்பாரப்பட்டி, பாப்பிரெட்டிப்பட்டி என எத்தனையோ ‘பட்டி’கள் இருக்கின்றன, பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் இடம். தொப்பூருக்கு அருகில் பாளையம்புதூர் இருக்கிறது. பாளையம் என்பது படை இறங்கிய முகாம். மாரண்டஹள்ளியின் ‘ஹள்ளி’ தமிழில் ‘பள்ளி’. அதன் பழைய பொருள்களில் ஒன்று படுக்கும் இடம். ‘பாடி’ என்பதும் பாசறைதான். தழையால் கூரை வேய்ந்த தெருக்களைக் கொண்ட படைவீட்டை முல்லைப்பாட்டு ‘பரந்த பாடி’ என்றே அழைக்கிறது. ஆனால் பட்டியும் பாளையமும் பள்ளியும் தம் முதற்பொருளை எப்போதோ உதிர்த்துவிட்டன. பாப்பாரப்பட்டி என்றதும் யாருக்கும் ஆட்டுப்பட்டி நினைவுக்கு வருவதில்லை. கொட்டாய் மட்டும் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் நிலையில் இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் அது ஊராகவும் தொழுவமாகவும் வர முடியும். ஒரு சொல் இடைவழியில் நிற்பதை நம் கண்ணெதிரே பார்க்கக் கிடைத்திருப்பது அரிது.

இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கொட்டாய் போடுவதற்கு நிலம் வேண்டும். ஊரிலிருந்து பிரிந்து தன் கிணற்றடியில் குடியேறும் உரிமை, பட்டா வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. நிலமற்ற தலித் மக்கள் சேரியிலும் பின்னர் காலனியிலும் இருந்தார்கள். கொட்டாயில் வேலை செய்துவிட்டு மாலையில் அங்கே திரும்பினார்கள். 2012 நவம்பரில் தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடி எரிக்கப்பட்டபோதுதான், கொட்டாய் என்ற சொல்லை நாட்டின் பல பகுதியினர் முதன்முறையாகச் செய்திகளில் படித்தார்கள். எரிந்தவை உழைத்துச் சேர்த்துக் கட்டிய உறுதியான வீடுகள். கொட்டாய் என்ற சொல்லை அன்போடு எழுத முற்படும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. போட்டது ஊரான பெருமையைப் பேசும் நான், கட்டியதைக் காக்க முடியாமல் போனவர்களை விட்டுவிட்டு இந்தச் சொல்லின் கதையை முடிக்க முடியாது.

அரசின் மொழிக்குக் கொட்டாய் என்ற வகை இல்லை. அதற்குத் தெரிந்தவை நிரந்தரம், தற்காலிகம் என்ற இரண்டும், இடையில் ஓர் அரை நிரந்தரமும்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை இப்படித்தான் பிரிக்கிறது. சுவரும் கூரையும் உறுதியான பொருளால் ஆனவை நிரந்தர வீடுகள். இரண்டில் ஒன்று மட்டும் உறுதியானால் அரை நிரந்தரம். இரண்டுமே அப்படி இல்லையென்றால் தற்காலிகம். எத்தனை ஆண்டுகளாக அந்த வீடு நிற்கிறது என்ற கேள்வி அந்தப் பகுப்பில் வருவதே இல்லை. மண்சுவரும் புற்கூரையுமாக நாற்பது ஆண்டு நின்ற எங்கள் தாத்தாவின் கொட்டாய் அந்தக் கணக்கில் கடைசி வரை தற்காலிகம்; போன ஆண்டு முடித்த கான்கிரீட் வீடு முதல் நாளிலிருந்தே நிரந்தரம். பொருளைப் பார்த்துக் காலத்தைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கொட்டாயின் கூரையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றி வேய்ந்தார்கள்; சுவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் மண் பூசி மெழுகினார்கள். அதை நிற்க வைத்தது பொருளல்ல, விடாத கவனிப்பு.

தற்காலிகம் என்ற சொல்லையும் சற்றுப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். ‘தன் காலம்’ என்பதிலிருந்து வந்ததைப் போலத் தோன்றினாலும் அது வடமொழியின் தாத்காலிகம். ‘தத்’ என்றால் அது, ‘காலம்’ காலம், அந்தக் காலத்துக்கு உரியது என்பது பொருள். சத்குரு சற்குரு ஆனதைப் போல, உத்பத்தி உற்பத்தி ஆனதைப் போல, தகரமெய் தமிழில் றகரமெய்யாகியது. பழைய அச்சு நூல்களில் ‘தாற்காலிகம்’ என்ற வடிவத்தையும் காணலாம். ரயிலில் அவசரப் பயணத்துக்கென 1997இல் தொடங்கிய தட்கல் முறையின் பெயரும் இதே சொல்தான். இந்தியில் அது ‘உடனடி’ என்ற பொருளுக்குப் போயிற்று, தமிழில் ‘சிறிது காலத்துக்கு’ என்ற பொருளுக்கு வந்தது. ஆனால் சொல்லின் வேரில் ‘சிறிது’ என்பது எங்கும் இல்லை. அந்தக் காலம் எவ்வளவு நீளமானது என்பதைச் சொல் சொல்லவே இல்லை. தற்காலிகப் பணியாளர் என்ற பெயரோடு இருபது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெறும் மனிதர்களை நாம் அறிவோம். அந்த அநீதிக்கு எல்லை வைக்கச் சொல்லிலும் வழியில்லாமல் போயிற்று.

நிரந்தரம் என்பதோ ‘அந்தரம்’ இல்லாதது, அதாவது இடைவெளி இல்லாமல் தொடர்வது. ரயில்வேயில் தண்டவாளப் பாதைக்கு நிரந்தரப் பாதை என்ற தொழிற்பெயர் உண்டு. கட்டுமானத்தின்போது போடும் தற்காலிகப் பாதையிலிருந்து வேறுபடுத்துவதற்காக வந்த பெயர் அது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய தண்டவாளப் பாதை ஒன்று வந்தது; பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுத்துக்கொண்டு போகப்பட்டன. அந்தப் பாதை ஓடிய நாட்களில் போட்ட கொட்டாய்கள் பல இன்றும் இருக்கின்றன.

முகாம் என்ற சொல்லையும் இங்கே வைத்துப் பார்க்கிறேன். அரபு மொழியிலிருந்து வந்த அதற்கும் நிற்குமிடம், தங்குமிடம் என்பதே அடிப்படைப் பொருள். 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்கள் எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் உள்ளன. அங்கே பிறந்தவர்கள் இப்போது தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. முதற்சொல் மாறியது, முகாம் அப்படியே நின்றது. கோஷ்டத்தில் மாடு நிற்கிறது, முகாமில் மனிதர் நிற்கிறார். ‘நில்’ என்ற தமிழ் வேரிலிருந்து பிறந்த ‘நிலை’ மட்டும் நிரந்தரத்தின் பெயராகிவிட்டது. ஒரே செயலிலிருந்து இரண்டு எதிர்ப்பொருள்கள் பிறந்திருக்கின்றன. கொள்ளுத்தாத்தா போட்ட கொட்டாய் ஊரானதற்கும் முகாம் இன்னும் முகாமாகவே இருப்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு, தங்கிய காலத்தின் அளவில் இல்லை. காலடி மண் யாருடையது என்பதில் இருக்கிறது.

கொட்டாய் ஊரின் பெயரான பிறகு, உண்மையிலேயே சில மாதத்துக்காகப் போடுவதற்கு வேறு சொல் தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு ‘ஷெட்டு’ வந்தது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் எங்கள் பகுதி மக்கள், வேலையிடத்தில் தகரம் அடித்துத் தங்குவது ஷெட்டில். ஓசூர்த் தொழிற்சாலைப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்குவதும் ஷெட்டில். கோழிக்கு ஷெட்டு, டிராக்டருக்கு ஷெட்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாட்டுக் கொட்டாய்கூட மாட்டு ஷெட்டுதான். ஆனால் ஷெட்டுக்கும் வினை மாறவில்லை. ஷெட்டையும் நாம் போடத்தான் செய்கிறோம், பிரிக்கத்தான் செய்கிறோம்.

தாத்தாவின் கொட்டாயை அப்பா சில ஆண்டுகளுக்கு முன் பிரித்துவிட்டார். கரையான் அரித்த கைமரங்கள் அடுப்புக்குப் போயின. முகட்டுவளையை மட்டும் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருக்கிறார். இரண்டு கல் தூண்கள் இன்னும் நட்டபடியே நிற்கின்றன. அவற்றுக்கு மேலே கூரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை. மழை வந்தால் அங்கே ஒரு கோழிகூட ஒதுங்க முடியாது. விடுமுறையில் நான் போயிருந்தபோது மேயப் போயிருந்த பசுவை மாலையில் ஓட்டிவந்தேன். எங்கே கட்டுவது என்று கேட்டேன். அம்மா வாசலில் இருந்தபடியே அந்த இரண்டு தூண்களைக் காட்டிச் சொன்னார்.

“கொட்டாயில கட்டுப்பா.”